பத்தொன்பது பொத்தான், நாற்பது தப்படி

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். உண்மையைச் சொல்வதானால் நான்கு முறை. "நாலாம் அருவிக்குப் போயிட்டு வந்தோம்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள். கூட வந்தது யார் என்பது மட்டும் கடைசியில், தாளின் ஓரத்தில், இடம் போதாமல் நெட்டுக்குத்தாக எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தாளைத் திருப்ப வேண்டியிருந்தது.

முதலில் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல் பிரித்து ஐந்து வாரம் ஆகிறது. மகள் வீடு மூன்றாம் மாடி. வாசலுக்கு வெளியே நீண்ட நடை, இரு பக்கமும் பதினோரு கதவுகள். காலையில் பிசியோதெரபிப் பெண் வந்து அதில் என்னை நடத்துகிறாள். "தரையைப் பார்க்காதீங்க சார், என்னைப் பாருங்க" என்கிறாள். தரையைப் பார்த்தால்தான் எனக்குக் கால் வருகிறது.

போனில் பேசினால் என்ன என்று மகள் கேட்கிறாள். பஸ் ஓட்டியதில் இஞ்சின் பக்கத்துக் காது உங்களுக்குப் போனதையும், மறு காதிலும் போன் குரல் பிடிபடாமல் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவதையும் அவளுக்கு விளக்கினேன்.

இனி உங்களோடு வந்த அந்தத் தொப்பிக்காரர். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. சில விவரங்கள் தெரிந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். அவர் முன்னால் நடக்கிறாரா, பின்னாலா? அட்டை கடிக்காமல் காலில் உப்புத் துணியை யார் கட்டிவிடுகிறார்கள்? உங்கள் பிளாஸ்க்கில் இரண்டு கப்புகள்தான் உண்டு. விளிம்பு உடைந்த நீலக் கப்பில் அவர் குடிக்கிறாரா? இதைக் கேட்பது சிறுபிள்ளைத்தனம் என்று தெரிகிறது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடித்தால் நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பீர்கள்.

நம் அருவி நோட்டு பத்திரமாக என்னிடம் இருக்கிறது. ஒன்பது அருவிக்கும் வழியைத் தப்படிக் கணக்கில் எழுதிய ஒன்பது பக்கம். இருபது பொத்தான்களும் இருக்கின்றன. உங்கள் தங்கை தன் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. நூறு தப்படிக்கு ஒன்று என் இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போகும். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. பொத்தான்கள் இப்போது எந்தப் பைக்கும் போவதில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்ளே,

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், உன்னை மாதிரி அச்சடிச்ச தமிழ் எனக்கு வராது. அது என்ன கேள்வி, கப்பு யாரு கப்புன்னு? முழங்காலை மாத்தச் சொன்னா மூளையையும் மாத்திட்டானா அந்த டாக்டர்?

தொப்பிக்காரர் முன்னால போறார். ரெண்டு கையிலயும் ரெண்டு கோல். தொப்பிக்குத் தாடையில கட்டுற கயிறு வேற. தூரத்துல இருந்து பார்த்தா யாரோ குடையை நடக்க விட்டிருக்காங்கன்னு நினைப்பே. கையில ஒரு கடிகாரம், அது தப்படியை எண்ணுது, மூச்சை எண்ணுது, நெஞ்சு துடிக்கிறதை எண்ணுது. அவர் ஒரு தப்படி சரியா எழுபது சென்டிமீட்டராம். அதையும் அதுதான் சொல்லுது. அவர் பாட்டுக்குப் பேசிட்டே வருவார். நீ எண்ணுறப்ப முப்பது வருஷம் என்னை வாயைத் திறக்க விட்டியா? இப்ப பேசலாம். ஆனா அவர் பேசுறது எனக்குக் கேக்காது, நான் பேசுறது அவர் கேக்க மாட்டார். நல்ல ஜோடி.

நாலாம் அருவிக்கு நாப்பது நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டோம்னா பாரேன். நாம போனா வெயில் ஏறிடும். நம்ம தட்டைப் பாறையில உக்காந்து அவர் போட்டோ எடுத்துக்கிட்டார். உனக்கு அனுப்பறேன்னு சொன்னார்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒன்பதாவதைப் பத்தி ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். மனுஷன் விட மாட்டேங்கிறார். எனக்கு அங்க போற வழி தெரியாது, உனக்கே தெரியும். மரப்பாலம் தாண்டினா எல்லா வளைவும் ஒரே மாதிரி. நான் பார்த்துட்டு வந்தது உன் குதிகாலை மட்டும்தான். அதனால ஒன்பதாம் பக்கத்தை எழுதி அனுப்பு. சீக்கிரம். போன மழையில முள்ளுப் புதர் பக்கம் ஓடைக்கரை இடிஞ்சு கிடக்குன்னு ஃபாரஸ்ட் வாட்ச்சர் சொன்னார். இன்னொரு மழை வந்தா பாதையே இருக்காது.

காலைப் பார்த்துக்கோ.

மச்சான்


பிப்ரவரி 24

அன்புள்ள மச்சானுக்கு,

போட்டோ வந்தது. தட்டைப் பாறையில் அவர் உட்கார்ந்திருப்பது என் பக்கம். இடது ஓரத்தில் முதுகு சாய ஒரு குழிவு இருக்கும், அங்கே. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும்.

நாற்பது நிமிடம் முன்னால் சேர்ந்தீர்கள் என்பதை நன்றாகக் கவனித்தேன். நம் நடையில் முப்பது வருடம் உங்களுக்கு எத்தனை நாற்பது நிமிடங்கள் வீணாகியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் வழியே கிடையாது என்பதும், பாசி பிடித்த ஒரு பாறைக்குப் பின்னால் சரியாகத் திரும்பினால்தான் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். கடிகாரத்தை நம்பி வருகிறவரிடம் அதைக் கொடுப்பது பொறுப்பாகுமா? மேலும் அதைக் கண்டுபிடித்த அன்று, இது நமக்குள் இருக்கட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தேதி நோட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்னதாக எழுதியிருப்பது என் கையெழுத்து என்பதால் நீங்கள் மறுக்கலாம்.

நான் வந்த பிறகு மூவருமாகப் போகலாம். எப்போது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் இராது என்றுதான் நினைக்கிறேன். எப்படியும் பிரதி எடுக்க எனக்குச் சில நாட்கள் வேண்டும்.

மாப்பிள்ளை


மார்ச் 3

மரியாதைக்குரிய கம்பவுண்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் எழுதத் தங்களுக்குச் சில நாட்கள் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டுக்கு மருந்து கொடுத்த கை அது.

சரி, இந்த மரியாதையெல்லாம் எனக்கு ரெண்டு வரிக்கு மேல ஓடாது. யோவ், நீ என்ன எனக்குப் பொண்டாட்டியா? பாறையில யாரு உக்காந்தான்னு கேக்கறே. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. டிசம்பர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு ரொட்டி, பிளாஸ்க்கு எல்லாம் எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். பூட்டு தொங்குது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பல் விளக்கிட்டே சொல்றார், "அவரு நேத்தே பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரே, ஆபரேஷனுக்கு. உங்களுக்குத் தெரியாதா?"ன்னு. தெரியாதான்னு என்னைக் கேக்கறார். முப்பது வருஷம். தையல்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

உன் வாசப்படியில உக்காந்து ரொட்டியைத் தின்னுட்டுத் திரும்பினேன். அதுக்கப்புறம் எட்டு ஞாயிறு வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். ஒன்பதாவது ஞாயிறு அந்த மனுஷன் வந்து கதவைத் தட்டி, "நீங்க காட்டுக்குப் போறவராமே, என்னையும் கூட்டிட்டுப் போங்க"ன்னார். போனேன். தப்பா?

பக்கம் வேணும். இல்லேன்னா இல்லேன்னு ஒரே வார்த்தையில எழுது.

மச்சான்


மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்லாமல் வந்தது தவறு. அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, இன்று எழுத வரவில்லை.

ஒன்பதாம் பக்கத்தின் பிரதி கீழே.

"தொடக்கம்: மரப்பாலத்தின் அக்கரைக் கடைசிப் பலகை. ஓடை இடப்பக்கம் இருக்க வேண்டும். 1,440 தப்படி. இடப்பக்கம் ஆள் உயரப் பாறை, முழுதும் பாசி. பாறைக்கு முன் திரும்பக் கூடாது, பின்னால் திரும்ப வேண்டும். அறுபது தப்படி இறக்கம், வேரைப் பிடித்துக்கொள்ளலாம். சத்தம் முதலில் வலக் காதில் கேட்கும், பிறகு எல்லாப் பக்கமும்."

தொப்பிக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 11 — அவசரம்

அன்புள்ள மச்சானுக்கு,

நான் அனுப்பிய பிரதியில் ஓர் எண் தவறு. 1,440 அல்ல, 1,940. பிரதி எடுக்கும்போது கை தவறிவிட்டது. தயவு செய்து போகாதீர்கள். 1,440-இல் இடப்பக்கம் திரும்பினால் முள்ளுப் புதர்தான் வரும். அங்கேதான் கரை இடிந்து கிடக்கிறது என்று பிப்ரவரி 17-ஆம் தேதிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இன்றுதான் மறுபடி படித்தேன். மேலே சருகு மூடியிருந்தால் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. தொப்பிக்காரர் முன்னால் போகிறார் என்றீர்கள். அவர் விழுந்தால் நீங்கள் பிடிக்கப் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் போன் செய்தேன். ஹலோ ஹலோ என்றீர்கள். "போகாதீங்க, போகாதீங்க" என்று நான் கத்தியதில் வெளி நடையில் நான்கு கதவுகள் திறந்தன. நீங்கள் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பிறகு தையல்காரருக்குச் செய்தேன். கடை பூட்டி ஊருக்குப் போயிருக்கிறாராம்.

மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்ளே,

உயிரோடதான் இருக்கேன். தலையில வச்ச கையைக் கீழே வை, மூச்சு விடு.

ஞாயித்துக்கிழமை போனோம். உன் அவசரக் கடிதம் இன்னைக்குத்தான் வந்தது. போன்ல நீ என்னமோ கூப்பாடு போட்டே, நான் எப்படி இருக்கேன்னு நீ கேக்கறதா நினைச்சேன்.

நடந்ததைச் சொல்றேன். மரப்பாலத்துல கடைசிப் பலகையில நின்னு தொப்பிக்காரர் கடிகாரத்தைச் சுழியத்துக்கு வச்சார். கிளம்பினோம். கப்பல்ல ஒரு சமையல்காரன் கடல்ல விழுந்த கதையைச் சொல்லிட்டே போனார். எனக்குப் பாதிதான் கேட்டுச்சு, அவன் பிழைச்சானா இல்லையான்னு இன்னமும் தெரியாது. 1,440 ஆச்சு, நின்னார். இடது கைப் பக்கம் பாசிப் பாறை. அப்படியே. பின்னால திரும்பினோம், வேரைப் பிடிச்சு இறங்கினோம், அருவி. தண்ணி குறைச்சல்தான், ஆனா அதே அருவி. தொப்பிக்காரர் தொப்பியைக் கழட்டிட்டார். அவர் மண்டையை அன்னைக்குத்தான் பார்த்தேன். "உங்க மாப்பிள்ளை கணக்குன்னா கணக்குங்க. கப்பல்ல இப்படி ஒரு ஆள் இருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்"னார்.

இப்ப எனக்குப் புரியல. முதல் எண் சரின்னா ரெண்டாவது கடிதம் எதுக்கு? நீ கை தவறுற ஆளா? உக்காந்து யோசிச்சு எழுது. என்கிட்டயும் சொல்ல ஒண்ணு இருக்கு. நீ முதல்ல சொல்லு.

மச்சான்


மார்ச் 23

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாட்களாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும், தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் தொப்பியைக் கழற்றினார் என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். "ஆம், 1,440தான் சரி, வயதாகிவிட்டது, குழம்பிவிட்டேன்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அப்படியே எழுதி உறையிலும் போட்டேன். தபால் பெட்டி வரை போனேன். படிகள் ஐம்பத்து நான்கு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். போடாமல் திரும்பிவிட்டேன்.

கை தவறவில்லை. நோட்டில் இருப்பது 1,940. ஒன்பதைப் பார்த்துக்கொண்டே நான்கு என்று எழுதினேன். நாற்பது வருடத்தில் ஒரு பாட்டிலில் கூடத் தவறான சீட்டை ஒட்டியதில்லை. அந்தக் கைதான் எழுதியது.

அவர் ஒன்பதாம் அருவியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தோடு முள்ளில் மாட்டிக்கொண்டு, சட்டை கிழிந்து, உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கற்பனை கூடச் செய்தேன். மகள் "என்னப்பா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். கரை இடிந்தது அப்போது நினைவில் இல்லை. நினைவில் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். நிச்சயமாகச் சொல்லத் துணிவில்லை.

அப்படியானால் நீங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்? இரண்டு நாள் அதுவே புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். நோட்டு எழுதத் தொடங்கிய வருடம் நீங்களே டேப் வைத்து என் தப்படியை அளந்தீர்கள். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். 1,940 தப்படிக்கு ஆயிரத்து எட்டு மீட்டரும் எண்பது சென்டிமீட்டரும். தொப்பிக்காரரின் தப்படி எழுபது. 1,440 தப்படிக்குச் சரியாக ஆயிரத்து எட்டு மீட்டர். வித்தியாசம் எண்பது சென்டிமீட்டர். அவருக்கு ஒரு தப்படியும் கொஞ்சமும்.

நான் உண்மையான எண்ணை எழுதியிருந்தால் அவர் காலுக்கு அது முந்நூற்றைம்பது மீட்டர் தாண்டிப் போயிருக்கும். என் பொய்தான் அவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆளின் எடையைக் கேட்காமல் மருந்தின் அளவை எழுதுவது எங்கள் வேலையில் முதல் தவறு. யாருடைய கால் என்று நோட்டில் எங்கும் நான் எழுதவே இல்லை. வேறு ஒருவர் கால் அங்கே வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிசம்பரில் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் இதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு மலை ஏற முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். "எதிர்பார்க்காதீங்க" என்றார். அதை உங்களிடம் சொன்னால், "சரி, விடு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று விளையாட்டுக்காவது சொல்வீர்கள். அந்த விளையாட்டைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நான் பொறாமை பிடித்தவன், மச்சான். எழுதிப் பார்த்தால் சிறிய சொல்லாகத்தான் இருக்கிறது.

நோட்டை உங்களுக்கே அனுப்பிவிடட்டுமா?

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்ளே,

நோட்டை அனுப்பினே, தபால்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவேன்.

இப்ப நான் சொல்ல வேண்டியதைச் சொல்றேன். உன் பக்கம் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், அது பொய்யின்னு. இஞ்சின் பக்கத்துக் காதுதான் போச்சு, இன்னொண்ணு கொஞ்சம் இருக்கு. உன் பின்னாலயே பதினோரு தடவை அந்த அருவிக்கு வந்திருக்கேன். பொத்தான் பையில விழுறது எனக்குக் கேக்கும். பாறை வர்றப்ப நீ வாய்க்குள்ள முனகுவே, "பத்தொன்பது பொத்தான், நாப்பது தப்படி"ன்னு. நீ எழுதி அனுப்பினது பதினாலு பொத்தான். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம், சரி, பயல் எரிஞ்சு சாகறான்னு ஒரு மாதிரி சந்தோஷமாவும் இருந்தது. அதையும் சொல்லிடறேன். ரொட்டி தின்ன அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் இருந்தது, தையல்காரர் மேல.

தொப்பிக்காரர்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவரை மெதுவாப் போகச் சொல்லி முன்னால விட்டுட்டு, நான் பின்னால நானா எண்ணிட்டே வந்தேன். பொத்தான் இல்லை, விரலை மடக்கி எண்ணினேன். அவர் எங்க நின்னாலும் இடது பக்கம் திரும்ப விடறதில்லை, என் எண்ணிக்கை பத்தொன்பது நாப்பது வந்தாத்தான் விடறதுன்னு முடிவு. அவர் 1,440ன்னு சொல்லி நின்னார். நான் அப்ப எத்தனையில இருந்தேன் தெரியுமா? 1,937. மூணு தப்படி வச்சேன். உன் பாசிப் பாறையில கை பட்டுச்சு.

உனக்குக் கணக்கு வரும், போட்டுப் பாரு. நான் ஆறடி ஆள்யா. டிப்போவில நான் நடந்தா கண்டக்டர் பின்னால ஓடி வருவான். என் தப்படி எப்படி உன் தப்படி ஆச்சு? தொப்பிக்காரர் முதல் நாளே கேட்டார், "ஏன் சார், தளும்பத் தளும்பத் தண்ணிக் குடம் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்கறீங்க?"ன்னு. வேகமா நடக்கப் பார்த்தேன். நாலு தப்படி நீளமா வருது, அஞ்சாவது பழையபடி குறைஞ்சிடுது. அந்த நாப்பது நிமிஷம் முன்னாடி போனது அவர்தான். நான் பின்னாலதான் வந்து சேர்ந்தேன். உன்னைக் கடுப்பேத்தத்தான் 'சேர்ந்துட்டோம்'னு எழுதினேன்.

நீலக் கப்பு என் சமையலறை ஆணியில தொங்குது. அவருக்குச் சொந்தமா பாட்டில் இருக்கு, அதுவும் ஏதோ எண்ணுது. உப்புத் துணியை அவரே கட்டிக்கறார். தப்பாத்தான் கட்டறார்.

மலை ஏற முடியாதுன்னு டாக்டர் சொன்னா சொல்லட்டும். ஐம்பத்து நாலு படி இறங்கித் தபால் பெட்டி வரைக்கும் போய், போடாமத் திரும்பி ஏறினேன்னு நீதானே எழுதினே? முதலாம் அருவிக்கு மொத்தம் அறுநூறு தப்படிதான், அதுவும் சமதரை.

எப்ப வர்றே?

மச்சான்


ஏப்ரல் 6

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை மகள் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைத்தும் சரியாகவில்லை.

நேற்று காலை பிசியோதெரபிப் பெண்ணிடம் டேப் கொடுத்து, நடையில் என் தப்படியை அளக்கச் சொன்னேன். பத்துத் தப்படி நடக்க வைத்து, மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தோம். புதிய முழங்காலோடு நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். அப்படியானால் நோட்டில் உள்ள ஒன்பது பக்கமும் இனி தவறு. முதலாம் அருவி அறுநூறு அல்ல, எழுநூற்று ஒன்பது. ஒன்பதாவது 2,293. இருபத்திரண்டு பொத்தான், தொண்ணூற்று மூன்று தப்படி. எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒன்பதாவது வரை போவேனா என்று தெரியாது. கணக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

இருபதாம் தேதி ஞாயிறு. முந்தின நாளே வந்துவிடுகிறேன். தையல்காரரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது இருபது பொத்தான்கள். இரண்டு குறைகின்றன. தொப்பிக்காரர் சட்டையில் நல்ல பெரிய பொத்தான்கள் இருப்பதைப் போட்டோவில் கவனித்தேன். கேட்டுப் பாருங்கள். அவரும் வரட்டும். அவரை ஆபத்தில் விட்டதை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் நான் முன்னால், நீங்கள் எனக்குப் பின்னால். அவர் மூன்றாவதாக நடக்கட்டும். அந்தச் சமையல்காரன் கதையை எண்ணி முடித்த பிறகு சொல்லட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும், கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என் தப்படி நாற்பத்து நான்கு. உங்களுடையது ஐம்பத்திரண்டிலேயே நிற்கிறது. உங்களுக்கு எழுபத்து மூன்று வயது. இன்னும் எட்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள முடியுமா?

மாப்பிள்ளை